ஈர அறைக் கதவு

மூத்தவள் பொய் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அது எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். அப்பாவுக்குத்தான் இன்னும் தெரியாது.

"ஃபிரெண்டு கல்யாணத்துக்குப் போறேன்ப்பா, ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அந்தத் தோழிக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மூத்தவள் போவது வேலைக்கு. வெளியூரில் ஒரு தேயிலைக் கம்பெனி. மோந்து பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. நேர்காணலில் அவள் முன்னால் வைத்த கிண்ணங்களில் எது பழசு, எது ஈரம் பட்டது என்று அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து அன்றைக்கே வேலை தந்துவிட்டார்கள். நாளைக் காலையில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேறு ஆள்.

பஸ் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு. அப்பாவின் சுருட்டுக் கடையை ஒட்டிய சந்து முனையிலேயே நிற்கும்.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் தம்பி, சின்னவன். லாரி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நாளையிலிருந்து கடையில் உட்காருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். "நீ போக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அவன் யோசிக்காமல் சொன்னது அவளுக்கே கொஞ்சம் இடித்தது. ஆனால் நல்லது நடக்கும்போது நோண்டக் கூடாது என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சுருட்டுக் கடையில் உட்காருவது என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கைவைத்த நாற்காலி இருக்கிறது. துறைமுக வாசலில் தட்டு வைத்துச் சுருட்டு விற்றுக்கொண்டிருந்த கொள்ளுத்தாத்தா, இந்த ஒடுக்கமான கட்டடத்தை வாங்கிக் கடை போட்டதும் முதலில் வாங்கிய சாமான் அது. கூடவே ஒரு சட்டமும் போட்டார். கடை திறந்திருக்கும்போது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. உட்காருவது வீட்டு ஆளாக இருக்க வேண்டும். ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தர் வந்து உட்கார்ந்த பிறகுதான் நகரலாம்.

தாத்தா காலத்தில் வெளிநாட்டுச் சுருட்டுப் பெட்டிகள் வந்தன, யுத்தத்தில் நின்றன, மறுபடி வந்தன. சட்டம் மட்டும் நிற்கவில்லை. தாத்தாவின் கல்யாணத்தன்று அவருடைய சொந்த அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, பந்தியையே பார்க்காமல் போனாளாம். இதை அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பெருமைப்பட வேறு விஷயம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கடைக்கு இது நூறாவது வருஷம். வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் கடையின் சரித்திரத்தை எழுத வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் இன்றைக்கே.

காலையில் எழுந்ததிலிருந்து மூத்தவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கடைக்குப் பின்னால் உள்ள நடையில் தரையோடு ஒரு கேஸ் அடுப்பு இருக்கிறது. அதில் பாலை வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். பால் அடிப்பிடித்துத் தீய்ந்தது. அந்த டீயை அவளாலேயே வாயில் வைக்க முடியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு" என்று சின்னவன் மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

நடையின் கடைசியில் ஈர அறை. சுருட்டு காய்ந்தால் உதிர்ந்துவிடும், அதற்காகச் சுவரெல்லாம் தேவதாருப் பலகை அடித்து, செங்கல் தரையில் தினம் ஒருவர் தண்ணீர் தெளிக்கிற அறை. இன்று விருந்தாளி வருகிறாரே என்று விடியும்போதே அப்பா தெளித்தார். கடைசி நாளாயிற்றே என்று மூத்தவள் தெளித்தாள். நாளையிலிருந்து நம் பொறுப்பாயிற்றே என்று சின்னவனும் ஒரு வாளி தெளித்தான். மூன்று பேரில் ஒருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை. அந்த வீட்டின் வழக்கமே அதுதான். எல்லாவற்றையும் செய்வார்கள், எதையும் சொல்ல மாட்டார்கள்.

வெளியே வாரம் முழுக்க மழை. அறையின் தேவதாருக் கதவு ஏற்கெனவே ஈரத்தில் உப்பியிருந்தது. மழை நாளில் அதை முழுசாகச் சாத்தாமல் கீழே ஒரு கட்டையைச் செருகி வைப்பார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னவன் நாற்காலியில் இருக்க, அப்பாவும் மூத்தவளும் ஈர அறையை ஒழுங்குபடுத்தப் போனார்கள். போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமே என்று மூத்தவள் கட்டையை எடுத்து ஓரமாகப் போட்டாள். ஈரம் வெளியே போகிறதே என்று அப்பா கதவைத் தள்ளிச் சாத்தினார்.

"அப்பா, சாத்தாதீங்க, கட்டையை..."

டப்.

அவள் பிடித்து இழுத்தாள். அப்பா இழுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கதவு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆப்பசைத்த குரங்கின் கதையை மூத்தவளுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"சின்னவனே!" என்று அப்பா கத்தினார்.

"என்னப்பா?" குரல் கடை முன்பக்கத்திலிருந்து வந்தது.

"கதவு மாட்டிக்கிச்சு!"

"நான் எழுந்து வரவா?"

"எழுந்திரிக்காதே! கடை திறந்திருக்கு!"

உள்ளே மாட்டிக்கொண்டவரே போட்ட உத்தரவு இது. சின்னவனும் எழுந்திரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தச்சருக்கு ஃபோன் போட்டான். அவர் ஒரு வேலையில் இருக்கிறார், முடித்துவிட்டு நாலு மணிக்குமேல் வருவார் என்று அங்கிருந்தே கத்தினான்.

மூத்தவளின் பையும் ஃபோனும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தன. நாலு மணிக்குமேல். பஸ் ஐந்துக்கு.

"அவனை எழுந்து வரச் சொல்லுங்கப்பா. வெளியேருந்து ஒரு உதை விட்டா திறந்துக்கும்."

"நாற்காலி?"

"ஒரு நாள், ஒரு நிமிஷம் காலியா இருந்தா என்னப்பா ஆயிடும்?"

அப்பா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க" என்றாள் மூத்தவள். இத்தனை வருஷம் சொல்லாதது, கதவு மூடியிருந்ததால் வெளியே வந்தது. "நான் ஸ்கூல்லேருந்து ஓடி வந்து உட்கார்ற வரைக்கும் நீங்க எழுந்திரிக்கல. போய்ச் சேர்றதுக்குள்ள அம்மா இல்ல."

அப்பா தரையைப் பார்த்தபடி மெதுவாக, "அது சட்டமே இல்லம்மா" என்றார்.

"என்னது?"

"கொள்ளுத்தாத்தாவுக்கு முட்டி போயிடுச்சு. ரெண்டு காலும். காலையில ஆள் பிடிச்சு உட்கார வைக்கணும், ராத்திரி ஆள் பிடிச்சு எழுப்பணும். வெளியில தெரிஞ்சா, ஆள் முடிஞ்சுட்டான், கடையும் முடிஞ்சுதுன்னு சரக்குத் தர்றவன் எல்லாம் போயிடுவான்னு பயம். அதனால, நாற்காலி காலியா இருக்கக் கூடாது, அது என் சட்டம்னு சொல்லிட்டார். எழுந்திரிக்க முடியாதவர் போட்ட சட்டம்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. கூடத்துப் படத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கொள்ளுத்தாத்தாவின் முகத்தை நினைத்தாள். அந்தப் படத்தில் கால்கள் தெரியாது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"படுத்த படுக்கையா இருந்த உங்க தாத்தா சாகும்போது சொன்னார். உங்க அம்மா போனதுக்கு அப்புறம்."

"தெரிஞ்சப்புறமும் எதுக்குப்பா விடல?"

"விட்டுட்டா" என்று ஆரம்பித்த அப்பா முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "விட்டுட்டா, அவளைப் பாக்காம உட்கார்ந்திருந்தேனே, அது எதுக்குன்னு ஆயிடும்ல?"

அவள் கோபம் பாதியில் நின்றுபோனது. ஆனால் போய்விடவில்லை.

அப்பா கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவர். கீழே கிடந்த பெட்டியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். காதோரம் வைத்து உருட்டினார். மூக்கில் வைத்துக் கண்ணை மூடி இழுத்தார். "முதல் தரம்" என்றார்.

மூத்தவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். அது பூஞ்சை பிடித்த பெட்டி. தூக்கிப் போடுவதற்காகக் காலையில்தான் தனியாக எடுத்து வைத்திருந்தாள். நின்ற இடத்திலிருந்தே அவளுக்கு அந்த அழுகல் வாடை குமட்டியது.

பல வருஷங்களுக்கு முன் வீட்டில் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு வாசனை தெரியவில்லை என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். வாசனையைச் சொல்லி விற்கிற கடையில் முதலாளிக்கு மூக்கு இல்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? அன்றிலிருந்து அவள் விடியும் முன்பே எழுந்து, கெட்டதைப் பொறுக்கி எறிந்து, நல்லதை அப்பாவின் கைக்கு எட்டும் தட்டில் வைத்தாள். அப்பாவிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

"பூஞ்சையா?" என்று அப்பா கேட்டார்.

அவள் திடுக்கிட்டாள்.

"சொல்லும்மா. எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"எப்படிப்பா?"

"இத்தனை வருஷத்துல என் கைக்கு ஒரு கெட்ட சுருட்டு வரல. அப்படி ஒரு அதிர்ஷ்டக்காரன் உலகத்துலயே கிடையாது."

அவள் பலகையில் சாய்ந்துகொண்டாள். தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அவளை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்களை ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தது, மேலே படிக்கக் கேட்டபோது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தது.

"அப்போ நான் உங்க பொண்ணு இல்ல. மூக்கு."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்ல? அவருக்குக் கால் போச்சு, மூணு தலைமுறையை உட்கார வெச்சார். உங்களுக்கு மூக்கு போச்சு, என்னை உட்கார வெச்சீங்க. நான் கல்யாணத்துக்குப் போகலப்பா. வேலைக்குப் போறேன். தேயிலைக் கம்பெனி. இன்னைக்கு அஞ்சு மணி பஸ்."

அப்பாவின் குரலில் குத்தல் வந்தது.

"தேயிலைக் கம்பெனியில மட்டும் என்ன? அவங்களுக்கும் உன் மூக்குதானே வேணும்?"

"ஆமா. ஆனா அவங்க கேட்டாங்கப்பா. நீங்க கேக்கவே இல்ல."

அந்தச் சின்ன அறையில், சொன்னதைத் திரும்ப வாங்கவும் இடமில்லை, எழுந்து போகவும் வழியில்லை. அப்பா அந்தப் பூஞ்சைச் சுருட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிருபர்தான் முதலில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உதவி செய்கிறேன் பேர்வழி என்று நடைக்குள் வந்து கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தச்சர் வரும்வரை நின்றுகொண்டிருந்தார்.

தச்சர் வந்தபோது மணி நாலரை. கதவின் ஓரத்தை இழைப்புளியால் சீவச் சீவ, நடையெல்லாம் சுருள் சுருளாகத் தேவதாருச் சீவல். கடைசியில் ஒரு தோள் இடி. கதவு திறந்தது. மூத்தவள் வெளியே வந்து மூச்சு விட்டாள். அந்த மூச்சில்கூட தேவதாரு.

"அறைக்குள்ள வாளிக் கணக்கா தண்ணி ஊத்தினது யாரு சார்?" என்று முன்பக்கம் வந்து கேட்டார் தச்சர்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தச்சர் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சின்னவன் எழுந்தான். நிருபருக்கு டீ போட நடைக்குப் போய், அடுப்பில் பாலை வைத்து, காலுக்கடியில் கிடந்த சீவலையெல்லாம் அடுப்பின் ஓரமாக ஒதுக்கிவிட்டு முன்பக்கம் வந்தான். மூத்தவள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

நிருபர் கேமராவை எடுத்தார். "ஐயா, அட்டைப் படத்துக்கு ஒண்ணு எடுத்துக்கறேன். ஒரு சுருட்டை மோந்து பாத்து, எப்படி இருக்குன்னு சொல்லுங்க. பேட்டியும் அங்கேருந்தே ஆரம்பிக்கலாம்."

அப்பா மகளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"எனக்கு வாசனை தெரியாது தம்பி" என்றார் அப்பா. "தெரியாமப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. இந்தக் கடையில நல்லது எது கெட்டது எதுன்னு சொன்னது என் பொண்ணு. அதை எழுதிக்குங்க."

நிருபரின் பேனா நின்றுவிட்டது. மூத்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதை ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் அவள் பையே எடுத்திருக்க மாட்டாள். இப்போது சொன்னதால்தான் நிம்மதியாகப் போக முடியும் என்றும் தோன்றியது.

"அப்போ இனிமே?" என்று கேட்டார் நிருபர்.

"இனிமே பையன் பாத்துப்பான்." அப்பா சட்டைப் பையிலிருந்து சுருட்டை எடுத்துச் சின்னவனிடம் நீட்டினார். "சொல்லுடா. எப்படி இருக்கு?"

அதே பூஞ்சைச் சுருட்டு. மூத்தவள் நின்ற இடத்துக்கே அந்த வாடை வந்தது. மூஞ்சியைச் சுளிப்பான், தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தாள்.

சின்னவன் அதைக் காதோரம் உருட்டினான். மூக்கில் வைத்து, கண்ணை மூடி இழுத்தான்.

"முதல் தரம்ப்பா" என்றான்.

நிருபர் 'முதல் தரம்' என்று எழுதிக்கொண்டார்.

மூத்தவளுக்குக் காலையில் அவன் மடமடவென்று குடித்த டீ ஞாபகம் வந்தது. தம்பியின் அன்பு என்று கலங்கினாளே, அந்த டீ. வீட்டில் எல்லோருக்கும் வந்து போன காய்ச்சல். எல்லோருக்கும்.

அவள் அவன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "உனக்குமாடா?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"போன வாரமே சொல்லியிருந்தா, நீ இந்தப் பையை எடுத்திருப்பியாக்கா?"

அப்பாவுக்கும் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிஷம் அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்தார். யாரும் வந்து உட்காருவதற்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு நேராக வாசலுக்குப் போய், கொக்கியால் ஷட்டரைப் பிடித்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"கடையை மூடறேன். கடை திறந்திருந்தாத்தானே ஆள் உட்காரணும்? தம்பி, நீங்க நாளைக்கு வாங்க."

நிருபர் ஓடாத குறையாக வெளியேறி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் எப்படி..."

"போம்மா. நான் இதை இறக்குறதுக்குள்ள போயிடு. இறக்கி முடிச்சா என் மனசு மாறிடும். உன் மனசும் மாறிடும்."

ஷட்டர் கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. இடுப்பளவு வந்தபோது சின்னவன் அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் குனிந்து வெளியே வந்தாள். பின்னால் ஷட்டர் தரையில் மோதி நின்றது.

தெருவில் தூறல். நாற்பதை நெருங்குகிற ஒரு பெண், வெளிச்சம் இருக்கும்போதே, கடை மூடியிருக்க, போவதற்கு ஓர் இடத்தோடு நிற்கிறாள். வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் மட்டும் யாருடையவோ போல நடந்தன.

சந்து முனையை அடைந்தாள். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தாள்.

சந்துப் பக்கம் கடை நடையின் ஜன்னல் திறந்திருந்தது. அங்கிருந்து காற்று வந்தது. காற்றில் பால் தீயும் வாடை.

இன்றைக்கு இரண்டாவது தடவை. தீயட்டும், பாத்திரம்தானே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போய் அடுப்பை அணைப்பதே அந்தக் கடையில் அவளுடைய கடைசி வேலையாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

அப்போது பாலுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று வந்தது. காய்ந்த, இனிப்பான வாடை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தேவதாரு. தேவதாரு எரிகிற வாடை.

அடுப்பின் ஓரமாக ஒதுக்கிவிட்ட சீவல்.

உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். முன்பக்கத்தில், மூடிய ஷட்டருக்குப் பின்னால், நடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் இந்த வாடை தெரியாது. இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏறுங்கம்மா, ஏறுங்க" என்றார் கண்டக்டர். "ஏறுறீங்களா, இல்ல இறங்குறீங்களா?"